பட்டத்தின் வட்டி எந்த ஸ்டேஷனில் இறங்குகிறது?

(ஆந்திர மாநிலம் குப்பத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது வட்டியில் நடக்கிற காரியம். ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டுப் பெரியவர் நினைவாக ஒரு தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடுகிறார்கள். முதலைத் தொடக்கூடாது. வருஷா வருஷம் வருகிற வட்டியில்தான் பேச்சாளருக்கு வழிச்செலவு, ஒரு சால்வை, அழைப்பிதழ் அச்சுக்கூலி, கூட்டத்துக்கு டீ எல்லாம். மேடை ஏறுவதற்கு முன் உங்கள் செயலரிடம், "இப்போது என்ன வட்டி கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன். "ஏழுக்குக் கீழேதான் சார்" என்றார். முதல் எவ்வளவு என்று கேட்கவில்லை. அது மரியாதை ஆகாது. ஆனால் அந்த ஏழு மனத்தில் ஒட்டிக்கொண்டது. நான் பேச வந்திருப்பதே இன்னொரு வட்டியைப் பற்றித்தான்.

அதே பணத்தை வங்கியில் போடாமல் இந்த ஊர்ப் பெண் ஒருத்தியை மூன்று வருஷம் கல்லூரியில் படிக்க வைத்திருந்தால் எவ்வளவு திரும்பியிருக்கும்? என் துறைக்காரர்கள் அறுபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். விடையும் வைத்திருக்கிறார்கள். அந்த விடையில் முகவரி மட்டும் கிடையாது. வட்டி யார் கையில், எந்த ஊரில் போய்ச் சேர்கிறது என்று அது சொல்லாது. பெங்களூர் ரயில் நின்று போகிற ஓர் ஊரில் அந்த முகவரியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கணக்கின் பிறப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1960இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைமையுரையில் தியோடர் ஷூல்ட்ஸ், படிப்புக்குச் செலவழிப்பதும் ஒரு முதலீடுதான் என்றார். அன்றைக்கு அது சிலருக்குக் கசந்தது. மனிதனை மாட்டோடும் இயந்திரத்தோடும் சேர்த்து எண்ணுவதா என்று கேட்டார்கள். 1964இல் கேரி பெக்கர் 'மனித மூலதனம்' என்ற பெயரிலேயே புத்தகம் எழுதினார். 1974இல் ஜேக்கப் மின்சர், கூடுதலாக ஒரு வருஷம் படித்தால் சம்பளம் எத்தனை சதவீதம் ஏறும் என்று கணக்கிட ஒரு சமன்பாடு கொடுத்தார். இன்றுவரை உலகமெங்கும் அதைத்தான் போடுகிறார்கள். ஜார்ஜ் சாக்கரோபுலோஸும் ஹாரி பாட்ரினோஸும் 2018இல் 139 நாடுகளிலிருந்து 1,120 மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது உலகச் சராசரி வருஷத்துக்கு ஏறக்குறைய 9 சதவீதம் வந்தது. வங்கி வட்டியைவிட மேல்தான்.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் ஒருவர் தமிழர் என்பது இங்கே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏ.எம். நல்ல கவுண்டர். 1967இல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்த அவருடைய 'இந்தியாவில் கல்வி முதலீடு' என்ற கட்டுரை, இந்தத் துறையில் இந்தியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தாண்டிப்போக வேண்டிய வாசல். அவருக்குப் பிறகு ஜந்தியாலா திலக் இதே ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் ஆய்வு செய்து, பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது, பிற்பட்ட சாதிக்காரருக்கு என்ன கிடைக்கிறது என்று பிரித்துக் கேட்டார். 1987இல் அது புத்தகமானது. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பி. துரைசாமி, 1983க்கும் 1994க்கும் நடுவில் இந்தியாவில் இந்த வருவாய் எப்படி மாறியது என்று கணக்கிட்டார். நம் பக்கத்து ஆட்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள் அல்லர். நம் ஊர்தான் அந்த அட்டவணைகளில் இல்லை.

சரி, கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. புள்ளிவிவரம் என்று யாரும் எடுத்துப் போய்விட வேண்டாம்.

இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்த ஒரு பையன். படிப்பை நிறுத்தினால் கிரானைட் பாலிஷ் பட்டறையிலோ கடையிலோ மாதம் 12,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,44,000. டிகிரிக்குப் போனால் மூன்று வருஷத்தில் 4,32,000 ரூபாய் கூலி போச்சு. கட்டணம், புத்தகம், பஸ், சாப்பாடு என்று வருஷம் 50,000 வீதம் ஒன்றரை லட்சம். மொத்த முதலீடு 5,82,000. முக்கால் பங்கு, இழந்த கூலி. "இலவசக் கல்வி" என்று சொல்லும்போது நாம் எண்ண மறப்பது இதைத்தான். கட்டணம் இல்லாத கல்லூரி உண்டு. கூலி இழக்காத மாணவன் ஏழை வீட்டில் கிடையாது.

பட்டம் வாங்கியதும் 18,000 சம்பளத்தில் வேலை. மாதம் 6,000 கூடுதல், வருஷம் 72,000. ஐந்து லட்சத்து எண்பத்திரண்டாயிரத்துக்கு எழுபத்திரண்டாயிரம் என்றால் 12 சதவீதத்துக்குச் சற்று மேல். பிரமாதம். வங்கியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஆனால் வேலை மறுநாளே கிடைத்ததா? இரண்டு வருஷம் காத்திருந்தான் என்று வையுங்கள். பட்டம் வாங்கினவன் பட்டறைக்குப் போக மாட்டான். வீட்டிலும் விட மாட்டார்கள். இன்னும் 2,88,000 கூலி போச்சு. முதலீடு 8,70,000 ஆகிறது. 12 இறங்கி 8 ஆயிற்று. அந்த வேலை குப்பத்தில் கிடைத்ததா? இல்லை, பெங்களூரில். அங்கே பங்கு அறைக்கும் மெஸ்ஸுக்கும், வீட்டில் இருப்பதைவிட மாதம் 4,000 கூடுதலாகப் போகிறது என்றால் வருஷத்தில் மிஞ்சுவது 24,000. விகிதம் 3 சதவீதம்கூட இல்லை.

இப்போது அதே பையன் அறை எடுக்காமல் சீசன் சீட்டு வாங்கிக்கொண்டு தினமும் போய் வருகிறான். சீட்டும் வழிச்செலவும் மாதம் ஆயிரம் என்று வைத்தால் மிஞ்சுவது 60,000. விகிதம் 7க்குக் கொஞ்சம் கீழே. உங்கள் வைப்புத்தொகையின் வட்டி! மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் கல்லூரியோ பாடத்திட்டமோ பேராசிரியரோ இல்லை. ஒரு ரயில் இருக்கிறது.

வயதோடு சம்பளம் ஏறுவதை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் படிப்பின் தட்டு தாழத்தான் செய்யும். மின்சர் அதற்கும் இடம் வைத்திருந்தார். ரயிலுக்கு அவர் இடம் வைக்கவில்லை.

நேற்று மாலை வந்து இறங்கியவன் இன்று விடியும் முன்பே ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வந்த வண்டியில் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் லேப்டாப் பை, கையில் சாப்பாட்டு டிபன். பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ், நடுவில் பெங்களூர்க் கன்னடம். இங்கிருந்து பெங்களூர் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நூற்றைம்பது கிலோமீட்டர் வரை ரயில்வே சீசன் சீட்டு தருகிறது என்பதால் இந்த ஊர் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. உயர்கல்விக்கு அரசாங்கம் தருகிற உதவிகளைப் பட்டியல் போடுகிற எந்த அறிக்கையிலும் ரயில்வேயின் பெயரை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று ஆசை.

பக்கத்தில் கோலார் தங்கவயலைப் பாருங்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. தலைமுறைகளாகச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரே நாளில் வேலை இல்லாதவர்களாயின. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் தினமும் பெங்களூர் போய் வருகிறார்கள். தாத்தா பூமிக்குள் இறங்கினார், பேரன் ரயிலில் ஏறுகிறான். ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் பயணத்திலேயே போகிறது. அந்த நேரத்துக்கு யாரும் கூலி போடுவதில்லை, மின்சர் சமன்பாடும் உட்பட.

காத்திருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயார்ட், மவ்ரீன் வுட்ஹால் மூவரும் 1969இல் இந்தியப் பட்டதாரிகளின் வேலையின்மையைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். வேலை கிடைக்காத காலத்தையும் செலவில் சேர்த்த பிறகும், படிக்கிறவனுக்குப் படிப்பு லாபமாகவே இருக்கிறது. ஆனால் செலவைச் சுமக்கிற சமூகத்துக்கு அவ்வளவு லாபம் இல்லை என்பது அவர்கள் கண்டது. அதனால்தான் வேலை இல்லை என்று தெரிந்தும் கல்லூரி வாசலில் கூட்டம் குறையவில்லை. தகப்பன்மார் முட்டாள்கள் இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள்.

ஐம்பத்து நாலு வருஷம் கழித்து, 2023இல், பெங்களூரில் உள்ள அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 'உழைக்கும் இந்தியாவின் நிலை' அறிக்கை வந்தது. 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 42 சதவீதத்துக்கு மேல். 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் 5 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். எல்லாருக்கும் கடைசியில் ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. என்ன வேலை, படித்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பது வேறு. நடுவில் போனது பத்து வருஷம். நிலம் வைத்திருக்கிறவர் வீட்டுப் பையன் அந்தப் பத்து வருஷத்தைத் தாங்குவான். போட்டித் தேர்வு எழுதிக்கொண்டிருப்பான். கூலிக்காரர் வீட்டுப் பையன் இரண்டாம் வருஷமே பெங்களூரில் காவலாளிச் சட்டையை மாட்டிக்கொள்வான். இருவர் கையிலும் ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே பட்டம்தான். காத்திருக்கிற வசதிக்குத்தான் வட்டி வருகிறது.

எல்லையைப் பற்றிப் பேசாமல் குப்பத்தில் எதையும் பேசி முடிக்க முடியாது. இந்த ஊர் ஒரு காலத்தில் கங்குந்தி ஜமீனில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு போயிற்று. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நீங்கள் இங்கேயே இருந்தீர்கள். அரசியலை விடுங்கள். படிப்புக் கணக்கில் இந்தக் கோடு என்ன செய்கிறது?

அரசியல் சட்டத்தின் 371டி பிரிவின்படி 1974இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, ஆந்திரக் கல்லூரி இடங்களில் 85 சதவீதத்தை அந்தந்தப் பகுதியின் உள்ளூர் மாணவர்களுக்கு ஒதுக்கியது. உங்கள் பகுதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகப் பகுதி. உள்ளூர் என்பதற்கு முக்கியமான அளவுகோல், தகுதித் தேர்வு முடிய நான்கு வருஷம் தொடர்ந்து அந்தப் பகுதியில் படித்திருப்பது. இந்த விதி குப்பத்துப் பையனுக்குத் தன் பகுதியில் நல்லதே செய்கிறது. ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிற ஒருவர், மகள் தமிழில் படிக்கட்டும் என்று நாட்றம்பள்ளியிலோ வாணியம்பாடியிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் பள்ளி இறுதி வரை படிக்க வைத்தால், திரும்பி வரும்போது அந்தப் பெண்ணின் உள்ளூர்த் தகுதியே கேள்விக்குள்ளாகும். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருப்பிடச் சான்று கேட்பார்கள். கோட்டுக்கு இருபுறமும் இரண்டு தாசில்தார் அலுவலகத்துக்கு அலைகிற செலவை எந்தப் பத்தியில் எழுதுவது?

எல்லை இல்லாத காலத்திலும் வட்டி இங்கே தங்கியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880இல் பிறந்தவர் ராமலிங்க ரெட்டி, சி.ஆர். ரெட்டி என்று நாடறிந்தவர். கேம்பிரிட்ஜ் போய் வந்தார். பரோடாவிலும் மைசூரிலும் வேலை பார்த்தார். 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1930இல் வெள்ளை அரசின் அடக்குமுறையைக் கண்டித்துப் பதவியை உதறினார். திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணன் திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் படித்துவிட்டு, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு, டெல்லி என்று போனார். அவர் தத்துவம் எடுத்ததற்குக் காரணம், உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்ததுதான் என்பார்கள். புத்தகச் செலவு இல்லை என்பதால் ஒரு பாடம்! அந்த வீட்டில் வேறு புத்தகம் கிடைத்திருந்தால் நமக்கு வேறொரு பேராசிரியர் கிடைத்திருப்பார். மதனப்பள்ளியில் அன்னி பெசன்ட் 1915இல் கல்லூரி தொடங்கினார், வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919இல் வந்தது. இந்த வறண்ட மேட்டு நிலத்தில் நூறு வருஷமாகப் பட்டம் விளைகிறது. அறுவடை மட்டும் தூரத்தில்.

இப்போது உலக வங்கிக் கதை. அதுவும் நம்மைத் தொட்ட கதைதான். இந்த வருவாய்க் கணக்கை வைத்துக்கொண்டு, ஏழை நாடுகளில் தொடக்கக் கல்விக்கே அதிக பலன், உயர்கல்விக்குக் குறைவு என்ற முடிவுக்கு எண்பதுகளில் வந்தார்கள். அந்த முடிவு, அரசுகளுக்குச் சொல்லும் அறிவுரையாயிற்று. ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் காய்ந்து போனதில் அதற்குப் பங்கு உண்டு. பிறகு 2000இல், உலக வங்கியும் யுனெஸ்கோவும் கூட்டி, தென்னாப்பிரிக்காவின் மாம்ஃபெலா ராம்ஃபெலேவும் ஹார்வர்டின் ஹென்றி ரொசோவ்ஸ்கியும் தலைமை தாங்கிய பணிக்குழு, அந்தக் கணக்கு குறுகலானது என்று எழுதியது. பட்டதாரியின் சம்பளத்தையும் அவர் கட்டுகிற வரியையும் மட்டும் பார்த்தால், தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார், ஆராய்ச்சியை யார் செய்வார் என்ற கேள்விகள் கணக்குக்கு வெளியே நின்றுவிடும் அல்லவா?

தமிழ்நாடு, உலக வங்கி சொல்லும்வரை காத்திருக்கவில்லை. 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47. ஆந்திரமும் தன் வழியில் போயிற்று. ராஜசேகர ரெட்டி முதல்வராக இருந்த காலத்தில் கட்டணத்தைத் திருப்பிச் செலுத்தும் திட்டம் விரிந்தது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் பொறியியல் கல்லூரிகள் எழுநூறு அளவுக்குப் பெருகின. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சொல்லிக்கொள்கிற எத்தனையோ பேர் அந்தப் பணத்தில் படித்தவர்கள். அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் அரசு பின்னால் பணம் தருகிறது என்றதும் கட்டடம் எழும்பிய வேகத்துக்கு ஆசிரியர் வரவில்லை. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய கட்டுரை இங்கே உதவும். முதலாளி பட்டத்தைப் பார்த்து வேலை தருவது, உள்ளே இருக்கும் அறிவுக்காக மட்டும் இல்லை. இவன் கஷ்டமான ஒன்றைத் தாண்டி வந்தவன் என்று அந்தத் தாள் சொல்வதாலும்தான் என்றார். எல்லாரும் தாண்டும் உயரத்துக்குக் கயிற்றை இறக்கினால் தாள் எதையும் சொல்லாது. அப்புறம் பெங்களூரில் இன்னொரு கோச்சிங், இன்னொரு சான்றிதழ், இன்னொரு ஒரு லட்சம்.

குப்பத்துக்கு வருவோம். இந்த ஊரின் சட்டமன்ற உறுப்பினர் 1989 முதல் சந்திரபாபு நாயுடு. திருப்பதியில் பொருளாதாரம் முதுகலை படித்தவர் என்பதால் எங்கள் சாதிசனம் என்றே சொல்லிக்கொள்கிறோம். அவர் முதல்வராக இருந்த 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் இங்கே வந்தது. தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான வ.அய். சுப்பிரமணியம் அந்தக் கனவுக்குப் பின்னால் நின்றார். அண்டை மாநிலங்களும் கைகொடுத்தன. பெங்களூர் முதலாளிகள் யாரும் கேட்காத ஒன்றைப் படிக்க, மூன்று மாநிலங்கள் சந்திக்கிற ஒரு மேட்டில் இடம் ஒதுக்கினார்கள். துளுவையும் மலையாளத்தையும் ஒப்பிட்டு ஆராய்கிற பையனுக்கு வருவாய் விகிதம் எவ்வளவு? மின்சர் போட்டால் ஒருவேளை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். அதனால் அந்த ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்கிற பொருளாதார ஆசிரியரை நான் மதிக்க மாட்டேன்.

ஆனால் கடுமையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் ஓர் ஊருக்கு வந்தால் டீக்கடையும் ஜெராக்ஸ் கடையும் வாடகை வீடும் வரும். அது ஊருக்குக் கிடைக்கிற வருமானம்தான். பட்டத்தின் வட்டி ஆகாது. ஊர்ப்பிள்ளையின் பட்டம் ஊரிலேயே வேலையாக மாறும்போதுதான் அது வட்டி. இந்தப் பரீட்சையில் மருத்துவக் கல்லூரி தேறுகிறது. பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி 2000களின் தொடக்கத்தில் வந்தபோது கூடவே பெரிய மருத்துவமனையும் வந்தது. நர்சும் லேப் டெக்னீஷியனும் படித்த இடத்திலேயே சம்பளம் வாங்க முடிகிறது. கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்து நோயாளி எல்லை தாண்டி இங்கே வருகிறார். நோயாளிக்கு இருப்பிடச் சான்று கேட்பதில்லை என்பது எவ்வளவு பெரிய வசதி!

2002இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் இங்கே ஒரு திட்டம் தொடங்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கிராமத்துப் பெண்களுக்கு டிஜிட்டல் கேமராவும், சூரிய ஒளியில் ஓடும் அச்சுப்பொறியும் கொடுத்துப் படம் எடுக்கப் பழக்கினார்கள். அடையாள அட்டைக்கும் விழாவுக்கும் படம் எடுத்துச் சம்பாதித்தார்கள். பட்டம் கிடையாது, ரயில் கிடையாது. வருமானம் வீட்டு வாசலில். நிறுவனம் நடத்தும் திட்டம் நிறுவனத்தோடு போய்விடும் என்பது வேறு. சின்னப் பயிற்சியும் சரியான கருவியும் உள்ளூர் தேவையும் ஒன்றுகூடினால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

பெண்கள் என்றதும் நான் ஒதுக்கி வைத்திருந்த விஷயத்துக்கு வந்தாக வேண்டும். வருவாய்க் கணக்கு சம்பளம் வாங்குகிறவர்களை வைத்துப் போடப்படுவது. பட்டம் வாங்கி வீட்டில் இருக்கிற பெண் அதில் வரவே மாட்டாள். துரைசாமியின் ஆய்வில், 1983க்கும் 1994க்கும் இடையில் உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பெண்கள் பெற்ற பலன் ஏறியிருந்தது. நல்ல செய்தி. ஆனால் அது வேலைக்குப் போன பெண்களின் கணக்கு. விடியற்கால ரயிலில் எத்தனை பெண்கள் என்று எண்ணினேன். ஒரு பெட்டியில் பத்து விரல் போதுமாயிருந்தது. இருட்டில் போய் இருட்டில் திரும்புகிற வேலைக்கு மகளை அனுப்பத் தாய் தயங்குகிறாள். "டிகிரி இருந்தா நல்ல இடம் அமையும் சார்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அந்த அம்மாவின் கணக்கில் பட்டத்தின் வட்டி கல்யாணச் சந்தையில் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்கிறவன் மாப்பிள்ளை. இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் ரயில் பெட்டியில் விளக்கு எரியாததற்கு அந்தத் தாயைக் கோபித்து என்ன பயன்?

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமம் எனது. நான் கல்லூரிக்குப் போன வருஷங்களில் வீட்டு மாட்டையும் பட்டுப்புழுத் தட்டுகளையும் பார்த்துக்கொண்டது என் அக்கா. எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள். முப்பத்து நாலு வருஷம் நான் வாங்கிய சம்பளத்துக்கு எதிரே என் படிப்புச் செலவை எழுதினால் விகிதம் பார்க்க அழகாக இருக்கும். அக்காவின் ஒன்பதாம் வகுப்பை எந்தப் பத்தியிலும் எழுத முடியவில்லை. நான் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்திய காலமெல்லாம் அது கரும்பலகைக்கு வெளியேதான் இருந்தது.

எழுபதுகளில் ஜகதீஷ் பகவதி ஒரு யோசனை சொன்னார். ஏழை நாட்டின் செலவில் படித்து, பணக்கார நாட்டில் குடியேறிச் சம்பாதிக்கிறவரிடம் ஒரு வரி வாங்கி, படிக்க வைத்த நாட்டுக்குக் கொடுக்கலாம் என்று. உலகம் சிரித்துவிட்டு விட்டுவிட்டது. பெங்களூரிடம் குப்பம் அப்படிக் கேட்டால் அதைவிடப் பெரிய சிரிப்பாக இருக்கும். ஒரே நாடு, யார் எங்கும் போகலாம், வேலை பார்க்கலாம், போகத்தான் வேண்டும். போகிறவனைத் தடுக்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. பெங்களூரில் சம்பாதித்து இங்கே அப்பாவுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தவன், தங்கையின் நர்சிங் கட்டணத்தைக் கட்டினவன் எல்லாம் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அதுவும் வட்டிதான், கையெழுத்துப் போடாமல் வருகிற வட்டி.

நான் கேட்பது சின்னது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று எல்லாக் கல்லூரிகளும் கணக்கு வைக்கின்றன. தேறினவர்கள் எங்கே போனார்கள் என்ற கணக்கு எப்போதாவது மதிப்பீட்டுக் குழு வருகிற வாரத்தில் அவசரமாக எழுதப்படுகிறது. அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன். வேறொரு ஊரில், வேறொரு கல்லூரியில், இரவு பதினொரு மணிக்கு. முகவரி தெரியாத மாணவர்களுக்கு எல்லாம் "சுயதொழில்" என்று போட்டோம்.

குப்பத்துக் கல்லூரிகள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பதிவேடு தொடங்குங்கள். பட்டம் வாங்கிய ஒவ்வொருவரையும் முதல் வருஷம், மூன்றாம் வருஷம், ஐந்தாம் வருஷம் ஃபோனில் கூப்பிட்டுக் கேளுங்கள். வேலை எந்த ஊரில், கையில் மிஞ்சுவது எவ்வளவு, எத்தனை மாதம் காத்திருந்தாய், வேலைக்கு எப்படிப் போகிறாய், வேலைக்குப் போகவில்லை என்றால் ஏன்? இந்த ஐந்து கேள்வி போதும். பத்து வருஷம் விடாமல் எழுதினால் நல்ல கவுண்டருக்கும் திலக்குக்கும் துரைசாமிக்கும் கிடைக்காத ஓர் அட்டவணை உங்களிடம் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ரயில்வேயிடம் மகளிர் பெட்டியும் விளக்கும் கேளுங்கள். அமராவதியில் இருக்கிற அரசிடம் இந்த ஊரிலேயே வேலை கேளுங்கள். சென்னையிடமும் பெங்களூரிடமும் எல்லைப் பிள்ளைகளுக்கு இடம் கேளுங்கள்.

செயலரிடம் ஒரு வார்த்தை. இந்த உரைக்காக நீங்கள் தரவிருக்கும் மதிப்பூதிய உறையை நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. அதில் கனமான அட்டை போட்ட ஒரு பதிவேடும், ஒரு வருஷத்துக்கு ஃபோன் செலவும் வாங்குங்கள். வருகிற ஜூனில் வகுப்புகள் தொடங்குகின்றன. பெயர்களை எழுதத் தொடங்கிவிடுங்கள்.